டுஷிக்கின் கார் சாவி

"என் கார் சாவியை எவன்டா எடுத்தது?"

டுஷிக் போட்ட சத்தத்தில், மலை இறங்கி வந்து அடை தின்றுகொண்டிருந்த மொத்தக் கடையும் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

"உன் காரை ஓட்டிட்டுப் போக மாற்று டிரைவர் வந்துட்டிருக்கார். உட்காருடா," என்றான் மான்ஹோ.

"எவ்வளவு நேரம் இதையே சொல்லுவே? ஞாயித்துக்கிழமை மலையடிவாரத்துக்கு எவன் வருவான்? கொஞ்சம் அரிசிக் கள்ளு குடிச்சா எனக்கு ரோடு தெரியாமப் போயிடுமா?"

உட்கார்ந்தான். உடனே எழுந்தான். என் பையைக் கவிழ்த்துக் கொட்டினான். மான்ஹோவின் சட்டைப்பைக்குள் கையை விட்டான். எதுவும் கிடைக்காமல் போகவே, கடைக்கார அம்மாவிடம் ஓடி அழ ஆரம்பித்துவிட்டான்.

"அம்மா, வீட்டுல என் பொண்ணுக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது. இந்தப் பாவிங்க சாவியைத் தர மாட்டேங்கிறாங்க!"

"அடப்பாவமே! நீங்கல்லாம் சிநேகிதக்காரங்களாப்பா? குடுத்துத் தொலைங்களேன்!" என்று அந்த அம்மா எங்கள் மேல் பாய்ந்தார்.

மான்ஹோ தன் செல்போனை அவரிடம் நீட்டினான்.

மத்தியானம், முதல் கிண்ணம் கள்ளுக்கு முன்னால் எடுத்த வீடியோ. அதில் டுஷிக்கேதான் மான்ஹோவின் கையில் சாவியைத் திணிக்கிறான்.

"பத்திரமா ஒளிச்சு வைடா. அப்புறம் நானே கேட்பேன், திட்டுவேன், அடிக்கக்கூட வருவேன். குடுத்துடாதே. கடைசியில 'பொண்ணுக்குக் காய்ச்சல்'னு அழுவேன். அப்போ கடைக்காரங்ககிட்ட மட்டும் சொல்லிடு, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைன்னு."