நாலாவது கவுண்டர்

“நாலாவது கவுண்டர்ல மட்டும் வேற ஆளைப் போடுங்க. வரிசை பாதியாக் குறையலைன்னா என் பேரை மாத்திக்கறேன்!”

அடித்துச் சொன்னேன். முன் பெஞ்சில் நகராட்சி அதிகாரி. பின்னால் என் மாணவர்கள் நாற்பது பேர்.

நான் நடத்துவது மாடலிங், சிமுலேஷன் பாடம். வெளியே நடப்பதை அப்படியே கம்ப்யூட்டருக்குள் நடத்திப் பார்ப்பது. கவுண்டரை மூடினால் என்ன ஆகும், ஆளை மாற்றினால் என்ன ஆகும் என்று யார் வயிற்றிலும் அடிக்காமல் சோதித்துப் பார்க்கலாம். அப்படித்தான் வகுப்பில் பீற்றிக்கொள்வேன்.

இந்த முறை நகராட்சி அலுவலகம். மாணவர்கள் ரெண்டு வாரம் ஸ்டாப்வாட்சும் கையுமாக நின்று, எந்தக் கவுண்டரில் ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து வந்தார்கள். முதல் மூன்றிலும் சராசரி நாலு நிமிடம். நாலாவதில் பதினொன்று!

“இதைப் பாருங்க.” திரையில் ஒரு எண்ணை வட்டமிட்டேன். “ஒரே ஒரு ஆளுக்கு நாற்பத்தொரு நிமிஷம்! அந்தம்மா வேலை பார்த்தாங்களா, ஊர்க்கதை பேசினாங்களா?”

வகுப்பே சிரித்தது. நாலாவதில் அளவெடுத்த மாணவி மட்டும் எழுந்து நின்றாள்.

“சார், அங்க வர்ற ஆளுங்க எல்லாரும் ஒரே மாதிரி இல்ல சார். குறிப்புன்னு தனியா எழுதிக் கொடுத்தேனே...”

“அதை நான்தான் தூக்கினேன். மாடல்ல எல்லாரும் ஒண்ணுதான்மா. ஆளுக்கு ஒரு கதை எழுதினா அது பாடம் இல்ல, நாவல். உட்காரு.”

அதிகாரிக்கு வாயெல்லாம் பல். “அந்தம்மா ஒப்பந்த வேலைதான் சார். இந்த மாசத்தோட முடியுது. நீட்டிக்கலாமா வேண்டாமான்னு குழம்பிட்டிருந்தேன். நல்ல வேளை, நீங்க தீர்த்து வச்சீங்க.”

அப்படியென்றால் அந்தம்மாவுக்கு வேலை போய்விடுமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் யாரோ போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். போய் நின்றுவிட்டேன்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா போய் ஏழு மாதம் ஆகியும், தண்ணீர் இணைப்பு இன்னும் அவர் பேரிலேயே கிடப்பது ஞாபகம் வந்தது. அம்மா கேட்கும்போதெல்லாம் “அடுத்த வாரம்மா” என்று இழுத்தடித்த மகராசன் நான்தான்.

“அம்மா, அந்தப் பேப்பரை எடு. நாளைக்கு லீவு போட்டுட்டு முடிச்சுடறேன்.”

“அது எப்பவோ முடிஞ்சுதுப்பா. நானே போயிட்டு வந்துட்டேன்.”

“நீயா? தனியாவா?”

“உனக்குத்தான் ஓயாத வேலையாச்சே. மூணு கவுண்டர்லயும், பேப்பர் சரியில்லைன்னு மூஞ்சியைக்கூடப் பார்க்காம திருப்பிட்டாங்க. நாலாவதுல ஒரு பொண்ணு. தங்கம்னா தங்கம்! உள்ள கூப்பிட்டு நாற்காலி போட்டா. அப்பா கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துடுச்சு. தண்ணி கொடுத்து, நான் அழுது ஓயற வரைக்கும் பக்கத்துலயே இருந்தா. அப்புறம் ஒவ்வொண்ணாக் கேட்டு அவளே எழுதினா. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். காலேஜ் படிக்கிற பொண்ணும் பையனும் வேற கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து என்னவோ குறிச்சிட்டே நின்னாங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதிகாரிக்குப் போன் போட்டேன்.

“சார், என் மாடல் தப்பு சார். அந்தம்மாவைத் திருப்பிக் கூப்பிடுங்க.”

“என்ன சார் விளையாடறீங்களா? கம்ப்யூட்டர்ல பத்தாயிரம் தடவை ஓட்டிப் பார்த்தேன்னீங்களே! புது ஆள் பிரமாதம் சார். எதுவா இருந்தாலும் நாலே நிமிஷத்துல திருப்பி அனுப்பிடறார். இப்ப வரிசையே கிடையாது. அந்தம்மா எங்க போனாங்களோ, யாருக்குத் தெரியும்?”

போனை வைத்துவிட்டான். படுபாவி என்று அவனைத் திட்ட வாயெடுத்தேன். எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அம்மா பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டே பேசினாள்.

“ஒண்ணுதான்ப்பா உறுத்துது. அவ்வளவு நல்ல பொண்ணுகிட்டப் பொய் சொல்லிட்டேன்.”

“என்ன பொய்?”

“‘உங்களுக்குப் பிள்ளைங்க யாரும் இல்லையாம்மா?’ன்னு கேட்டா. இல்லைன்னுட்டேன். இருக்கான்னு சொன்னா, உன்னைத் தப்பா நினைச்சுடுவாளேப்பா!”