அறுபடாத அழைப்பு

கிணத்துக்கடவு வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு கொடுத்துவிட்டு ஆட்கள் போனதுமே சஃபியாவின் போன் அடித்தது. வீடியோவில் கணவன் நிஜாம்.

“ஏனுங்க, மொகம் கட்டங்கட்டமா ஒடையாம வருதுங்க.”

துபாயிலிருந்து அவன் பேசிய பேச்செல்லாம் பாதியில் அறுந்தவை. நல்ல லைன் வரும் நாளைக் கனவு கண்டே வருஷங்கள் போயின.

“அன்னிக்குக் கட்டாச்சே, என்ன சொல்ல வந்தீங்க?”

“உன்னையப் பாக்காம இருக்க முடியல அம்மணி.”

திரை முழுக்க அவன் கண்கள். சஃபியா மிதந்தாள்.

“தூறல் போடுதுங்க. மொட்டமாடிய விட்டு எறங்கி வாங்க, டீ ஆறுது.”

போன வாரமே துபாய் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியிருந்த நிஜாம் நகரவில்லை.

“இன்னொன்னு பாக்கி இருக்குது. நேர்ல சொன்னா கூச்சமா இருக்கும். இதுலயே சொல்லிப்போட்டு வாரேன்.”