பீமில் பரவும் சிவப்பு

பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில், முக்காலியின் மேல், கட்டடத்தை அளக்கும் லேசர் ஸ்கேனர் மெல்லச் சுழல்கிறது. அதன் கண்ணில் பட்டால் மனிதனும் கட்டடத்தின் வரைபடத்தில் தூணாகிவிடுவான். அதனால் அளவெடுக்க வந்தவளும் பராமரிப்பு மேற்பார்வையாளரும் அதன் முதுகுக்குப் பின்னாலேயே ஒட்டி ஒட்டி நகர்கிறார்கள். "பொண்டாட்டிக்குக்கூட நான் இப்படி ஒளிஞ்சதில்ல மேடம்," என்று அவர் சிரிக்கிறார். அவள் சிரிக்கவில்லை. கையிலுள்ள டேப்லெட்டில், போன வருடத்து அளவின் மேல் இன்றைய அளவு புள்ளி புள்ளியாக வந்து விழுகிறது. அசையாத இடமெல்லாம் பச்சை. சுவர் பச்சை, குழாய்கள் பச்சை, துருப்பிடித்த கதவும் பச்சை. தலையில் இடிக்கிற உயரத்தில், மேல்தளத்தைத் தாங்கி ஓடும் பீமின் நடுவில் மட்டும் மஞ்சளாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவக்கிறது.

"மெஷின் கோணலா நிக்குதோ என்னவோ."

"அப்படின்னா சுவரும்ல சிவக்கணும் சார்? பீம் இறங்கியிருக்கு. மேல என்ன இருக்கு?"

"ஹால். இப்ப பெல்லடிச்சதும் மொத்தப் பிள்ளைங்களும் அங்கதான் வரும்." அவர் நிமிர்ந்து மேலே பார்க்கிறார். "என் பொண்ணும்."

டேப்லெட்டைத் தரையில் போட்டுவிட்டு அவள் படிக்கட்டுக்குப் பாய்கிறாள். "ஆபீசுக்குப் போன் போடுங்க! பெல்லடிக்க வேணாம்னு சொல்லுங்க!" அவர் போனைக் காதில் வைக்கிறார். ரிங் போகிறது, போய்க்கொண்டேயிருக்கிறது, எடுப்பாரில்லை. மேலே ஒரு நாற்காலி இழுபடுகிறது. அவருடைய இன்னொரு கை, அவரைக் கேட்காமலேயே உயர்ந்து, பீமை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. ஸ்கேனர் அவர் பக்கம் திரும்புகிறது. தரையில் கிடக்கும் டேப்லெட்டில், சிவப்புக்கு நேர் கீழே, புள்ளி புள்ளியாக ஒரு தூண் எழும்புகிறது.