மூலையில் நிற்கும் செடான்

இந்த விற்பனைக் கூடத்தில், மூலையில் நிற்கும் தாழ்வான சிறிய செடான் காரை யாரும் தாமாக வாடிக்கையாளருக்குக் காட்டுவதில்லை. காட்டக்கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. கடல் தாண்டிய ஊர்களில் அதை வரிசையில் நின்று வாங்குகிறார்களாம். இங்கே அதன் மேல் தூசி மட்டும் உட்கார்கிறது. பிற்பகல் வெயில் கண்ணாடிச் சுவரைக் கடந்து, நடுவில் நிற்கும் உயரமான வண்டியின் மேல் விழுகிறது. மகனோடு கார் வாங்க வந்த, முழங்கால் தேய்ந்த தாய் அதன் படியில் மூன்றாம் முறையாகக் கால் வைத்து, கதவைப் பிடித்தபடியே இறங்கிவிடுகிறாள். “பழகிடும்மா,” என்கிறான் மகன். “உனக்குப் பழகும்டா, என் முட்டிக்கு யார் சொல்றது?” அவள் பார்வை மூலைக்குப் போகிறது. “அதுவா? அத வாங்கினா தெருவுல டாக்சின்னு கை காட்டுவாங்க,” என்று சிரிக்கிறான் மகன். அருகில் நிற்கும் விற்பனைப் பெண் சிரிக்கவில்லை. இன்னும் ஓர் உயரமான வண்டி விற்றால்தான் அவள் வேலை நிரந்தரமாகும். அதற்கு இன்று கடைசி நாள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து அவளையே பார்க்கும் மேலாளரின் பேனா அசையாமல் நிற்கிறது. தாயின் விரல்கள் முழங்காலை மெதுவாகத் தடவுகின்றன. விற்பனைப் பெண் மேசை இழுப்பறையிலிருந்து வேறொரு சாவியை எடுக்கிறாள். மூலைக்கு நடந்து, செடானின் கதவை அகலத் திறந்து, மேலாளருக்கும் கேட்கும் குரலில் சொல்கிறாள்: “வாங்கம்மா, இதுல உக்காந்து பாருங்க.”