நாலடி மூணு அங்குலம்

ஆத்துல தண்ணிமட்டம் பாக்குற அளவுக்கட்டையே இல்ல!

லியனார்டுக்கு ஒரு நிமிசம் ஒண்ணும் புரியல. நுவரெலியா நீர்ப்பாசன ஆபிஸ்ல இருந்து மேலதிகாரியா மொதல் தடவை டயகமைத் தோட்டத்துக்கு வந்திருக்காரு. கட்டை நின்ன எடத்துல வெறும் தண்ணிதான் ஓடுது. ஆனா காலையும் மாலையும் கட்டையப் பாத்து எழுதுற பொஸ்தகத்துல ஒரு நாள் விடாம அளவு இருக்கு. நேத்து நாலடி மூணு அங்குலமாம்.

"கட்டை எப்ப போச்சு?"

"ஆனி வெள்ளத்துலங்க," ன்னான் அளவு எழுதுற சோலைமலை.

நாலு மாசமாச்சு! லியனார்டுக்குக் கோவம் தலைக்கேறிருச்சு. இங்க தண்ணி ஏறுனா, கீழ கம்பளையில சனங்க சட்டிபானையத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஓடணும். இவன் எழுதுறத நம்பித்தான் அங்க தகவலே போவுது. இவனானா கம்பளியப் போத்திக்கிட்டு மனசுக்குத் தோணுனத எழுதியிருக்கான்.

"அங்குலம் வேறயா? கனவுல அளந்தியா?"

சோலைமலை சட்டைப் பொத்தான்ல கை வச்சான், கூச்சப்பட்டு எடுத்துட்டான். அவன் பொஞ்சாதி பேச்சியம்மாதான் கெஞ்சுனா. வேல போனா அதுக்குன்னு குடுத்த ஒத்தை அறைக் காம்பிராவும் போயிரும், பிரஜாவுரிமையும் கெடைக்கல, மூணு புள்ளைங்களோட எங்க போறதுன்னு. லியனார்ட் காதுலயே வாங்கல. மொழங்கால் மேல வச்சே வேலநீக்கக் கடுதாசிய எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டாரு.

பேச்சியம்மா புருசன் பக்கம் திரும்புனா. "ஐயாகிட்ட காட்டிருங்க."

சோலைமலை சட்டையக் கழட்டி, சாரத்தத் தொடை வரைக்கும் தூக்குனான்.

கணுக்கால்ல இருந்து நெஞ்சு வரைக்கும் பச்சை குத்துன கோடு. அங்குலம் அங்குலமா.

"கட்டை போன மறுநாளே நான்தாங்க குத்துனேன். ரெண்டு வேளையும் இந்தக் குளுரு தண்ணியில எறங்கி, அதே எடத்துல நிப்பாரு. இடுப்புக் கவுத்த நான் கரையில புடிச்சிக்குவேன்," ன்னா பேச்சியம்மா.

லியனார்ட் அளவு நாடாவ வச்சு அளந்தாரு. ஒரு கோடு தப்பல.

"இத ஏன்டா ஆபிஸுக்குச் சொல்லல?"

"மூணு கடுதாசி போட்டேங்க. ஒங்க பேருக்குத்தான்."

லியனார்டுக்குச் சுருக்குன்னுச்சு. மூணும் அவரு மேசை டிராயர்லதான் கெடக்கு. தோட்டத்துக் கோணல் எழுத்துதானேன்னு பிரிக்கவே இல்ல. இப்ப இந்த வேலநீக்கத்தக் கிழிச்சா, கட்டை போன சேதி நாலு மாசமா ஏன் வரலன்னு ஆபிஸ்ல கேப்பாங்க, அது மூணும் வெளிய வந்துரும்.

அவரு கிழிக்கல. நாலா மடிச்சு சோலைமலை கையில குடுத்துட்டு, பஸ் ஏறிட்டாரு.

ஒங்க டிராயர்லயும் அப்படி ஒண்ணு பிரிக்காமக் கெடக்கா?