பூனை வென்ற வாதம்

ஏதென்ஸ் நகரத்தில், தத்துவம் கற்பிக்கும் பள்ளி ஒன்றில் ஒரு பூனை இருந்தது. மாணவர்கள் பகலெல்லாம் வாதம் செய்வதைக் கேட்டுக் கேட்டு அதற்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது.

ஒரு நாள் காலை அது ஓர் எலியைப் பிடித்து, வலது முன்காலால் அழுத்திக்கொண்டது. நல்ல பசி.

“அண்ணே, ஒரே ஒரு சந்தேகம்,” என்றது எலி, நடுங்கியபடியே. “என்னைத் தின்பது நியாயமா?”

பூனையின் காதுகள் நிமிர்ந்தன. அதனிடம் இதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை.

“வலியவன் செய்வதெல்லாம் நியாயம்தான் தம்பி.”

“அப்படியா! நேற்று அந்தக் கறுப்பு நாய் உங்களை ஒலிவ மரத்தின் உச்சிக்கே துரத்தியதே, அதுவும் நியாயம்தானே?”

“அது வேறு!” பூனையின் மீசை துடித்தது. “ஏன் வேறு என்று சொல்கிறேன், கேள்!”

அந்தப் பள்ளியில் மறுத்துப் பேசுபவர் வலது கையை உயர்த்திக்கொண்டுதான் பேச வேண்டும். பூனையும் வலது காலை உயர்த்தியது. கண்களை மூடிக்கொண்டு, காரணங்களை ஒவ்வொன்றாக அழகாக எடுத்துச் சொன்னது. கண்ணைத் திறந்தபோது எதிரே எலி இல்லை.

“கடைசிக் காரணம் சரியாகக் கேட்கவில்லை அண்ணே,” என்று சுவரிலிருந்த பொந்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

பூனை பொந்தருகே போய் அதை மறுபடியும் பொறுமையாக விளக்கியது. “இப்போது ஒத்துக்கொள்கிறாயா?”

“முழுக்க ஒத்துக்கொண்டேன். ஜெயித்தது நீங்கள்தான்!”

பூனை வாலை உயர்த்திக்கொண்டு கம்பீரமாகத் திரும்பி நடந்தது. அதன் வயிறு மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.