பென்ஸில் ஏறாதவர்

கலியாண மண்டபக் கதவைத் திறப்பதுபோலப் பென்ஸின் கதவைத் திறந்து பிடித்தார் தியாகலிங்கம்.

வந்தவர் ஏறவில்லை.

பெயர் சவாடோகோ. புர்கினா பாசோக்காரர், ஐம்பதை எட்டப்போகும் பொறியியலாளர். பழைய கார் விற்கும் பென்ரோஸ் யார்டுக்குள் இப்படியொரு நல்ல சப்பாத்துக் கால் நுழைந்து கன நாளாயிற்று.

இந்த ஆள் நழுவினால் தியாகலிங்கத்தின் முதலாளித்தனமும் நழுவிவிடும். மகள் கிருசாந்தி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஏலத்தில் எடுத்த பென்ஸ் அது. பத்து மாதமாக ஈ கூட உட்காரவில்லை. இன்று யார்டு பூட்டுமுன் விற்காவிட்டால், இனி எந்தக் காரை வாங்குவது என்று மகள்தான் சொல்வாள். பந்தயம் அப்படி.

மனிதரோ மூலையில் நின்ற விட்ஸ் என்ற குட்டிக் காரை நோக்கி நடந்தார்.

“சேர், உங்கட தரத்துக்கு இந்தச் சுண்டெலியோ?” ஆங்கிலத்தில் கெஞ்சினார் தியாகலிங்கம்.

சவாடோகோ சிரித்தார். அவருடைய நாட்டில் தாமஸ் சங்கரா என்றொரு ஜனாதிபதி இருந்தாராம்.

பெயரைக் கேட்டதும் எங்கட ஆளோ என்று தியாகலிங்கம் ஒரு கணம் நிமிர்ந்தார்.

பதவிக்கு வந்ததும் அரசாங்கத்துப் பென்ஸ்களை விற்றுவிட்டு, மந்திரிமாரைச் சின்ன ரெனோல்ட்டில் ஏற்றியவராம். நாலு வருடத்தில் சுட்டுக் கொன்றுவிட்டார்களாம்.

தலைவர்களைப் புகழ்கிறவர்களைத் தியாகலிங்கம் நிறையப் பார்த்தவர். புகழ்கிறவனுக்கு எங்கோ ஒரு லாபம் கிடைத்திருக்கும். அது எது என்று பிடித்துவிட்டால் பேரம் பாதி முடிந்த மாதிரி.

“உங்கட குடும்பத்துக்கு அவர் என்ன குடுத்தவர்?”

“குடுக்கவா? என் அப்பா அப்போது பெரிய அதிகாரி. விற்ற பென்ஸில் ஒன்று அவருடையது.”

தியாகலிங்கம் திரும்பித் தன் பென்ஸைப் பார்த்தார்.

“முதல் ஒரு வருஷம் அப்பா சங்கராவைத் திட்டாத நாள் இல்லை. அவரைச் சுட்ட பிறகு வாசலில் மறுபடி பெரிய கார் வந்து நின்றது. அப்பா டிரைவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஆபீசுக்கு நடந்துபோனார்.”

வாங்கினவன் புகழலாம், விற்றவன் புகழலாம். பறிகொடுத்த வீட்டுக்காரன் புகழ்ந்து தியாகலிங்கம் இன்றுதான் கேட்டார்.

அலுவலக வாசலில் கிருசாந்தி கைகளைக் கட்டிக்கொண்டு சண்டைக்குத் தயாராக நின்றாள்.

“விட்ஸுக்குப் பேப்பரை எழுது, பிள்ளை. இனி வாங்குறது எல்லாம் நீதான்.”

முப்பது வருடத்தில் அப்பா வாதாடாமல் தோற்றதை அவள் கண்டதில்லை.

“அப்பா, ஆர் யூ ஓகே?” என்று பதறிப்போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.